பெயரேடும் கட்டளை வரியும்

நமது பழைய மாணவர் பெயரேட்டை ஒரு மாலைப்பொழுதில், ஒரே வரியில், ஒரு கணத்தில் அழித்தவன் யானே. இம்மலரின் பிற்பகுதியில் அச்சாகியிருக்கும் ஏடு அதன்பின் ஏழு மாதம் உழைத்து மீட்டெடுத்தது. மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியது இலக்கியக் கட்டுரை. எனினும், அழித்த கதையையும் மீட்ட வழியையும் எழுதுதல் கூடிய பயன் தருமென்று கேட்டுக்கொண்டேன், அவர்களும் இசைந்தனர். நம் பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கின்றனர். உயர்தர வகுப்பிற் பயில்வோருள்ளும் அத்தொழிலை நாடுவோர் பலர். தமிழ் எழுத்தைக் கணினியிற் கையாளும்போது அவர்களுக்கு நாள்தோறும் நேரும் இடர்கள் சிலவற்றை இக்கதையின் வழியே சொல்லலாம்.

யான் கணினி நூலை முறையாகக் கற்றவனல்லன். ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்று இருபது ஆண்டாகத் தமிழ் கற்பிப்பவன். கட்டளை வரியை எனக்குக் காட்டியவன் என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவன் ஒருவன். புணர்ச்சி விதிகளை அவன் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆனால் அவன் காட்டிய கட்டளைகளை யான் பார்த்தபோது அவையும் ஒருவகைப் புணர்ச்சி விதிகளாகவே எனக்குத் தோன்றின. இது தமிழ் மலராதலின் கட்டளைகளை ஒலிபெயர்த்தே எழுதுகின்றேன். பொறியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டுதல் வேண்டும்.

கட்டளை வரி என்பது, சுட்டியும் படங்களும் இன்றி, வெறுந் திரையில் ஒரு சொல்லைத் தட்டிப் பொறியை ஏவுதல். 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் என்னும் இயக்கு முறைமையிலிருந்து இன்று நாம் வழங்கும் கட்டளைகள் பெரும்பாலும் வந்தன. லினக்ஸ் பொறிகளிலும் மக்கின்ரொஷ் பொறிகளிலும் அவை இருக்கின்றன. விண்டோஸ் உடையோரும் அதனுள் லினக்ஸை நிறுவி அவற்றைப் பெறலாம். ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு தொழிலையே செய்யும். ‘சோட்’ வரிகளை வரிசைப்படுத்தும். ‘கிறெப்’ தேடிய சொல் உள்ள வரிகளைக் காட்டும். ‘யுனிக்’ அடுத்தடுத்து வரும் ஒத்த வரிகளை ஒன்றாக்கும். ‘செட்’ ஒன்றை மற்றொன்றாக மாற்றும். ‘டபிள்யூசி’ எண்ணும். இவற்றைத் தொடுப்பது குழாய் எனப்படும் நிமிர்ந்த கோடு: இடப்பக்கத்துக் கட்டளை வெளியிடுவதை வலப்பக்கத்துக் கட்டளை உட்கொள்ளும். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைத் திருகிப் பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்டவேண்டும் என்று டக் மக்கில்றோய் என்பவர் 1964 இல் எழுதிவைத்தார். 1973 இல் தொம்சன் அதனை யுனிக்சில் அமைத்துக் கொடுத்தார்.

இனி அன்று மாலை நிகழ்ந்ததைச் சொல்லுகின்றேன். பெயரேடு ஏறக்குறைய நிறைவுற்றிருந்தது. சேர்விலக்கம் 1 முதல் 7480 வரை, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வரி. அகரவரிசையில் அமைத்துப் பார்க்க விரும்பி இங்ஙனம் தட்டினேன்:

சோட் பெயரேடு > பெயரேடு

பொறி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

காரணம் பின்னர் விளங்கிற்று. நாம் தட்டும் வரியை முதலில் வாங்குவது ‘சோட்’ அன்று. ‘ஷெல்’ என்னும் இடையாள். கோணக்குறியைக் கண்டதும், வெளியீடு ‘பெயரேடு’ என்ற கோப்பினுட் செல்லவேண்டும் என்று ஷெல் அறிகின்றது. உடனே அக்கோப்பைத் துடைத்து வெறுமையாக்கி ஆயத்தம் செய்கின்றது. அதன் பின்னரே ‘சோட்’ எழுப்பப்படுகின்றது. எழுந்த ‘சோட்’ வெறுங் கோப்பை வாசித்து, வெறுமையை ஒழுங்காக வரிசைப்படுத்தி, வெறுமையையே எழுதிற்று. பால் காய்ச்சப் புகுந்தவன் பானையைக் கவிழ்த்துக் கழுவினான். பால் அதனுள்ளேதான் இருந்தது. இதிற் கட்டளை எதுவும் பிழைசெய்யவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு விதித்ததைச் செய்தது.

இதற்கு மாற்று எளிது. ‘சோட்’ கட்டளைக்கு ‘ஓ’ என்னும் தெரிவு ஒன்று உண்டு:

சோட் -ஓ பெயரேடு பெயரேடு

என்று தட்டினால், ‘சோட்’ உள்ளதனைத்தையும் வாசித்து முடித்த பின்னரே எழுதுதற்குக் கோப்பைத் திறக்கும். ஆனால் இவ்வசதி ‘சோட்’ போன்ற சிலவற்றுக்கே உண்டாதலின், புதுப் பெயருள்ள கோப்பில் எழுதி, திறந்து பார்த்து, சரியென்று கண்ட பின்னர் ‘எம்வி’ கட்டளையாற் பெயர் மாற்றுதலே எக்காலத்தும் நன்று. அன்றியும், ‘செற் -ஓ நோகிளொபர்’ என்று ஷெல்லுக்கு ஒருமுறை சொல்லிவைத்தால், உள்ள கோப்பின்மேற் கோணக்குறியால் எழுத அது மறுத்துவிடும். உண்மையாகவே மேலெழுத விரும்பும்போது கோணக்குறியை அடுத்துக் குழாய்க்குறியையும் இடவேண்டும். யான் இந்த வரியை என் பொறி தொடங்குந்தோறும் தானே ஓடும்படி எழுதிவைத்திருக்கின்றேன். ஏழு மாதம் பிந்தி.

இழந்தவற்றுட் பெரும்பகுதி வேறிடத்தில் இருந்தது. 1988 வரையிலான பெயர்கள் முந்திய விழா மலரின் இறுவட்டிற் கிடந்தன. 1996 முதலானவை அலுவலகப் பதிவேட்டில் உள்ளன. இடைப்பட்ட ஏழாண்டுப் பதிவேடு, 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அழிந்துபோயிற்று. அவ்வாண்டுகளின் பெயர்களைத் தேர்ச்சி அறிக்கைகளிலிருந்தும் பரீட்சை அனுமதி அட்டைகளிலிருந்தும் திரட்டித் தாளில் எழுதிவைத்திருந்தோம். எங்கும் அகப்படாத 37 பெயர்களை, அக்காலத்தில் அலுவலகத்திற் பணிபுரிந்த பெரியவர் ஒருவர் தம் நினைவிலிருந்து சொன்னார். யான் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தபடி அவற்றை நேரே கணினியிற் பதிந்தேன். 37 என்ற எண்ணை என் நாட்குறிப்பிற் குறித்திருந்தேன், பெயர்களைக் குறித்திலேன். கோப்பு அழிவதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் காலமானார்.

மீட்புப் பணியை இறுவட்டிலிருந்து தொடங்கினோம். அதிலுள்ள கோப்புகள் நம் நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடத்தும் முன்பு பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையிற் காண்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவை நீக்கினால் தமிழ் மறைந்துவிடும். இதனை ஒருங்குறிக்கு மாற்ற ‘செட்’ கட்டளையில் ஒரு நீண்ட பட்டியல் எழுதினோம். இங்கே இரண்டு நுட்பங்கள் உள்ளன. பழைய தட்டச்சைப் பின்பற்றி, பாமினியில் எகரக் கொம்பு மெய்யின் முன்னே தட்டப்படுகின்றது. ஒருங்குறியிலோ மெய் முன்னும் குறி பின்னும் வரவேண்டும். ஆதலால் எழுத்துக்களை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்றவேண்டும். இரண்டாவது, நீண்ட தொடரை முதலிலும் குறுகியதைப் பின்னரும் மாற்றவேண்டும். ‘கொ’ என்பது பாமினியில் மூன்று தட்டல். முதலிரண்டையும் ‘கெ’ என்று மாற்றிவிட்டால், மூன்றாவதாகிய கால் தனித்து நின்றுவிடும்.

எங்கள் முதற் பட்டியலில் இந்த ஒழுங்கு பிழைத்திருந்தது. ஆனால் பிழை கண்ணுக்குத் தெரியவில்லை; அதுவே பெரிய இடர். ஒருங்குறியில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக இடுதல் ஒருவகை. ககரத்தை அடுத்து எகரக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாக இடுதல் மற்றொருவகை. திரையில் இரண்டும் ஒன்றே. ‘கிறெப்’ கட்டளைக்கு இரண்டும் வேறு. ‘பொன்னையா’ என்று தேடினேன். எனக்குத் தெரிந்த பொன்னையாக்களிற் பாதிப்பேர் கிடைக்கவில்லை. அவர்கள் கோப்பில் இல்லையென்று எண்ணி மீளவும் பதியத் தொடங்கியிருந்தேன்! தமிழில் தேடுபொறியோ தரவுத்தளமோ அமைப்பவர் இதனை முதல்நாளே கவனித்தல் வேண்டும். இவ்விரு வடிவங்களும் சமமென்று ஒருங்குறித் தரமே விதித்து, ஒன்றாக்கும் முறையையும் வகுத்திருக்கின்றது. அம்முறைக்கு என்எஃப்சி என்று பெயர். ஐ.சி.யு. தொகுதியோடு வரும் ‘யூகொன்வ்’ என்னும் கருவியாற் கோப்பு முழுவதையும் ஒரே வரியில் மாற்றலாம்:

யூகொன்வ் -எக்ஸ் எனி-என்எஃப்சி பெயரேடு > பெயரேடு2

இறுதியிலுள்ள இரண்டைக் கவனிக்க. பைதன் மொழியிலும் இதற்கெனத் தொகுதி உண்டு. ஒருமுறை மாற்றினாற் போதாது. தரவு உள்ளே வரும் வாயில்தோறும் இதனை வைக்கவேண்டும்.

ஔகாரத்தின் கதை இதனினும் கொடிது. பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒரே தட்டல். அப்பழக்கத்தால் இன்றும் பலர் ‘கௌரி’ என்பதைக் ககரம், எகரக் கொம்பு, ளகரம், ரி என்று தட்டுகின்றனர். இங்கே என்எஃப்சி உதவாது. ளகரம் உண்மையான ஓர் எழுத்தாதலின் கணினிக்கு அது ‘கெ-ள-ரி’ என்றே பொருள்படும். அப்படியாயின் கொம்பையடுத்து ளகரம் வருமிடமெல்லாம் ஔகாரமாக்கிவிடலாமே என்று என் மாணவன் கேட்டான். ஆக்கினால் ‘வெள்ளவத்தை’ என்ன ஆகும்? ‘தெளிவு’ என்ன ஆகும்? இங்கே இலக்கணம் கைகொடுத்தது. உண்மையான ளகரமாயின் அதன்மேற் புள்ளியோ, அதனையடுத்து உயிர்க்குறியோ பெரும்பாலும் வரும்: வெள்ளி, தெளிவு. குறியும் புள்ளியும் இன்றி ளகரம் வெறிதே நின்று அடுத்த மெய் வருமாயின் அஃது ஔகாரமாதல் ஏறக்குறைய உறுதி: கௌரி, சௌந்தரராசன், மௌனகுரு. அத்தகைய வரிகளை மட்டும் ‘கிறெப்’ கொண்டு பிரித்தெடுத்து, கண்ணாற் பார்த்து ஒப்பிய பின்னரே மாற்றினோம். பொறியிடம் முழுவதையும் ஒப்படைக்காது, பொறியைக்கொண்டு பார்க்கவேண்டியவற்றைச் சுருக்கிக்கொள்ளுதல் எனக்குப் பிடித்த முறை.

தலைப்பெழுத்துக்களும் ஒருநாள் என்னை ஏமாற்றின. ‘கிறெப்’ கட்டளைக்குப் புள்ளி என்பது புள்ளியன்று; ‘ஏதேனும் ஓர் எழுத்து’ என்பதே அதன் பொருள். ‘க. கந்தையா’ என்று தேடினால், ககரத்துக்குப் பின் எந்தக் குறியோ எழுத்தோ இருந்தாலும் அவ்வரியும் வந்துவிடும். ‘எஃப்’ என்னும் பெரிய எழுத்துத் தெரிவை இட்டால் புள்ளி புள்ளியாகவே கொள்ளப்படும். நம்மவர் பெயர்களில் தேடுவோர் அதனை எப்போதும் இடுவது நன்று. இன்னொன்று: விண்டோஸ் பொறியிலிருந்து வந்த கோப்புகளில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குப் புலப்படாத மீள்குறி ஒன்று இருக்கும். அதனாற் ‘கந்தையா’வும் ‘கந்தையா’வும் வேறுவேறாயின. ‘டொஸ்டுயுனிக்ஸ்’ என்னும் கருவி அதனை நீக்கும்.

இவ்வாறு துப்புரவாக்கிய பின்னர், இருமுறை பதிந்த பெயர்களைக் கண்டுபிடிக்கக் குழாய் உதவிற்று:

சோட் பெயரேடு2 | யுனிக் -டி

‘யுனிக்’ அடுத்தடுத்த வரிகளையே ஒப்பிடுமாதலின் முதலில் வரிசைப்படுத்தல் இன்றியமையாதது. இதை மறந்து ‘யுனிக் வேலைசெய்யவில்லை’ என்போர் பலர். ‘டி’க்குப் பதிலாகச் ‘சி’ இட்டால் ஒவ்வொரு வரியும் எத்தனை முறை வந்தது என்று எண்ணிச் சொல்லும்.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை நினைவுக்கு வருகின்றது. 1986 இல் ஏ.சி.எம். சங்கத்து மாத இதழில் ஜோன் பென்ற்லி நடத்திவந்த பகுதியில், ஒரு பனுவலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையோடு பட்டியலிடும் நிரலொன்றை டொனால்ட் க்னூத் எழுதினார். பல பக்கம் கொண்ட அழகிய நிரல். அதனை மதிப்பிட்ட மக்கில்றோய், அதனைப் பாராட்டிவிட்டு, ஆறு கட்டளைகளைக் குழாயாற் பூட்டி அதே பயனைப் பெற்றுக் காட்டினார். கணினி கற்பிப்போர் இதனை இன்றும் சொல்லி மகிழ்வர். யானும் மகிழ்ந்து, அவ்வாறு கட்டளைகளையும் ஒரு தமிழ்க் கட்டுரைமீது ஏவினேன். விடை வெறுமை. அவருடைய முதற் கட்டளை, ஆங்கில எழுத்தல்லாத யாவற்றையும் இடைவெளியாகக் கொள்ளும். ஆகவே தமிழ்ப் பக்கம் முழுவதும் ஒரு நீண்ட இடைவெளியாயிற்று. பைதனில் எழுதுவோர்க்கும் இதுபோன்ற ஒன்று நேரும். அம்மொழியோடு வரும் வழக்கமான வடிவத்தேடல் தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்ற குறியீட்டை இட்டால், அது தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’ என்றும் ‘ழ’ என்றும் இரண்டாக வெட்டுண்டு வெளிவரும். தமிழ்த் தொகுதி எழுத்துக்கள் என்று வெளிப்படையாகக் குறித்தே தேடவேண்டும்.

எண்ணுவதிலும் தமிழாசிரியனுக்கும் கணினிக்கும் வழக்கு உண்டு. ‘தமிழ்’ எத்தனை எழுத்து? மூன்று என்பான் நான்காம் வகுப்பு மாணவன். ‘டபிள்யூசி -எம்’ ஐந்து என்கின்றது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என அது கொள்ளும். ‘டபிள்யூசி -சி’ பதினைந்து என்கின்றது. அது பைற்றுக்களை எண்ணும். ஏன் பதினைந்து? யுரிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்று. அம்முறையை 1992 செப்டெம்பரில், நியூ ஜேர்சியில் ஓர் உணவுச்சாலையில், மேசைமீது கிடந்த தாள் விரிப்பிலே வகுத்தவர்கள் றொப் பைக்கும் கென் தொம்சனும். யுனிக்சைத் தொடக்கிய அதே தொம்சன். 1991 இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. அதனை யுனிக்ஸ் குழாய்களினூடே சிதையாது ஓடச்செய்தது அந்தத் தாள் விரிப்பு. (‘எக்கோ’ கட்டளையாற் சோதித்துப் பதினாறு என்று கண்டு மயங்காதீர், வரிமுடிவும் ஒரு பைற்று. ‘பிரின்ற்எஃப்’ கொண்டு சோதிக்க.) மாணவன் எண்ணும் மூன்றைப் பெறுதற்கு, ‘செட்’ கொண்டு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் நீக்கிவிட்டு ‘டபிள்யூசி -எம்’ ஏவினாற் போதும். வடவெழுத்தாகிய ‘க்ஷ’ இரண்டாக எண்ணப்படும்.

இதனாற் பயன் என்னையென்று கேட்பீர். விழா அழைப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பியபோது, நாற்பது எழுத்துத்தானே என்று அமைத்த செய்தி இரண்டாக உடைந்து, கட்டணமும் இரட்டித்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழில் 70 மட்டுமே. அந்த எழுபதும் குறிகளின் எண்ணிக்கை, எழுத்துக்களின் எண்ணிக்கையன்று.

அகரவரிசைக்கு வருவோம், வழக்குத் தொடங்கியதே அங்குத்தானே. எழுத்தின் ஒருங்குறி எண்ணைக்கொண்டு பொறி வரிசைப்படுத்தினால் கணபதி, கந்தையா, கனகசபை, கமலநாதன் என்று வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். ஒருங்குறியில் அது நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது. எனவே கமலநாதன் கனகசபைக்கு முன்னே வரவேண்டியவர் பின்னே தள்ளப்பட்டார். றகரமும் ழகரமும் இவ்வாறே இடம் மாறின. ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து இருந்துகொண்டது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்ணுக்கு மேற்பட்டதாதலின், அகரவரிசையில் முன்வரவேண்டிய ‘அக்கினி’, ‘அகிலன்’ என்பதற்குப் பின்னே போயிற்று. பொறியின் மொழி அமைவைப் பொறுத்து இது வேறுபடும். என் பொறியில் ஒருவாறும் மாணவன் பொறியில் மற்றொருவாறும் வந்தது. எங்கும் ஒரேவாறு வரவேண்டுமாயின் வரிசையை நாமே கொடுக்கவேண்டும்.

கொடுத்தோம். உயிர் பன்னிரண்டுக்கு 001 முதல் 012. ஆய்தம் 013. பின்னர் க் 014, க 015, கா 016 என்று சென்று கௌ 026, ங் 027. ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று இடம். பதினெட்டு மெய்க்கும் 234. முன்னைய பதின்மூன்றையும் கூட்ட 247. கடைசி எழுத்தாகிய னௌ சரியாக 247 இல் வந்து முடிந்தபோது, அரிவரி வகுப்பில் மனனம் செய்த எண்ணைப் பொறி திருப்பிச் சொல்வதுபோலிருந்தது. பட்டியலைக் கையால் எழுதவேண்டியதில்லை. மெய்கள்மீது ஒரு சுழற்சியும் அதனுள்ளே குறிகள்மீது ஒரு சுழற்சியுமாக நான்கு வரி நிரல் அதனை ஆக்கிவிடும். ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கு 248 முதல் இடமளித்தோம்.

பின்னர் ஒவ்வொரு பெயரையும் எண்தொடராக்கி அப்பெயரின் முன்னே ஒட்டி, ‘சோட்’ ஏவி, ஒட்டிய பகுதியை ‘செட்’ கொண்டு நீக்கினோம். எண்ணாக்கும்போது ‘கா’ முதலிய குறியுள்ளவற்றையும் புள்ளியுள்ளவற்றையும் முதலில் மாற்றி, வெறுங் ககரத்தை இறுதியிலேயே மாற்றவேண்டும்; பாமினிக்குச் சொன்ன அதே விதி. இம்மலரிலுள்ள பெயர் வரிசை அந்நிரல் தந்தது. பிழை காண்போர் என்னையே கேட்கலாம்.

புகைப்படக் கோப்புகளைப்பற்றி ஒரு சொல். ‘1974 உதைபந்தாட்டம்’ என்பதுபோல இடைவெளியுள்ள பெயர்களை ஷெல் இரண்டு சொல்லாகவே காணும். ஆதலின் நிரலிற் கோப்புப் பெயர் வருமிடமெல்லாம் இரட்டை மேற்கோட்குறி இடுக. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒருங்கே பெயர்மாற்றும் சுழற்சி எழுதினால், ‘எம்வி’க்கு முன் ‘எக்கோ’ என்னும் சொல்லைச் சேர்த்து ஒருமுறை ஓட்டுக. அப்போது பொறி ஒன்றையும் செய்யாது, தான் செய்யவிருப்பதைத் திரையில் எழுதிக்காட்டும். பார்த்து, சரியாயின் அச்சொல்லை நீக்கி ஓட்டலாம். நீக்குதற்குரிய ‘ஆர்எம்’ கட்டளைக்கு இது பன்மடங்கு வேண்டப்படுவது. அதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது.

இறுதியாக, யார் யார் பெயர் இன்னும் இல்லையென்று அறியவேண்டியிருந்தது. இல்லாததைத் தேடுவது எங்ஙனம்? ‘செக்’ என்னும் கட்டளை எண்களை வரிசையாக எழுதித்தரும்; ‘டபிள்யூ’ என்னும் தெரிவை இட்டால் 0001 என்பதுபோல ஒரே அகலத்தில் தரும். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு ஒன்றில் மட்டும் உள்ளவற்றைக் காட்டுவது ‘கொம்’. 1 முதல் 7480 வரையிலான எண்களை ஒரு கோப்பிலும், எங்களிடமுள்ள சேர்விலக்கங்களை மற்றொரு கோப்பிலும் வைத்து,

கொம் -23 எல்லாம் உள்ளவை

என்று ஏவினோம். ‘கொம்’ எண்ணின் பெறுமதியை நோக்காது எழுத்து வரிசையை நோக்குவது. 10 அதற்கு 9 இன் முன்னே நிற்கும். ஆதலின் இரு கோப்பிலும் எண்கள் ஒரே அகலமுடையனவாதல் வேண்டும். திரையில் முப்பத்தேழு இலக்கங்கள் வந்தன. என் நாட்குறிப்பில் இருந்த அதே எண்.

அந்த ஆண்டுகளில் உடன்பயின்றோர்க்கு எழுதினோம். சிலர் தம் விடுகைப் பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பினர். ஒரு தாய் தம் மகனின் இரண்டாந் தரத்துத் தேர்ச்சி அறிக்கையை ஒரு பொலித்தீன் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார், மகன் இல்லை. ஒவ்வொரு பெயர் கிடைக்குந்தோறும் கோப்பைப் புதுப்பித்து, முந்தியதை நாளிட்டுத் தனியே காத்து, அதே கட்டளையை மீண்டும் ஏவினேன். முப்பத்தேழு இருபதாகி, ஒன்பதாகி, மூன்றாகி நின்றது. இதனை எழுதும் இன்றும் மூன்றுதான்.

சேர்விலக்கம் 6214, 6231, 6260. மூன்றும் 1993 ஆம் ஆண்டுச் சேர்வு. மலரின் பெயரேட்டில் அவ்விலக்கங்களின் எதிரே இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றது. அக்காலத்தில் உடன்பயின்றோரிடம் பழைய வகுப்புப் படமோ, பரிசளிப்பு நிகழ்ச்சி நிரலோ இருப்பின் அதன் பிரதியொன்றை மலர்க் குழுவினர்க்கு அனுப்பியுதவுக. பெயர் முழுமையாக நினைவில்லாதவிடத்து, அழைத்த பெயரும் ஊரும் எழுதினாலும் போதும்.